மதுரை வீதிகளில் எஸ்பெராண்டோ: பதம் பிரித்து ஒரு நடை

வெள்ளி: ஜங்ஷனிலிருந்து டவுன் ஹால் ரோடு

மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். அதற்கு 13 ஆண்டுகள் முன்னால், 1862-இல், வார்சாவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கையும் இணைத்த பாதை பியாவிஸ்டோக் (இன்றைய போலந்தில்) என்ற ஊர் வழியாகப் போனது. அந்த ஊரில்தான் 1859 டிசம்பர் 15 அன்று லுட்விக் ஸாமென்ஹோஃப் பிறந்தார். இத்திஷ் (அங்கிருந்த யூதர்களின் மொழி), ரஷ்யன், போலிஷ், ஜெர்மன் என்று தெருவுக்குத் தெரு மொழி மாறும் ஊர் அது. 1887 ஜூலையில் வார்சாவில் அவர் வெளியிட்ட சிறிய நூலிலிருந்து, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவர் உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழி தொடங்குகிறது. அந்த மொழியின் அன்றாடக் கூட்டுச்சொற்கள் சிலவற்றை மதுரையின் இடங்களோடு பொருத்திப் பார்ப்பதுதான் இந்த நான்கு நாள் குறிப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொற்கள் சீக்கிரம் பிடிபடும். தொகை இலக்கணம் படித்த கைக்கு இது பழகிய வேலை.

வாசிக்கும் முறையை முதலில் சொல்லிவிடலாம். எஸ்பெராண்டோவில் அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். அந்த அசையை இங்கே நெடிலாக எழுதியிருக்கிறது, கடைசி ஒகரம் குறில். நடுவில் வரும் சிறுகோடு வேர்கள் சேரும் இடம்.

ஜங்ஷனின் கிழக்கு வாசலில் நின்றால் முதல் சொல் எதிரிலேயே இருக்கிறது: ஸ்டட்ஸி-டோமொ, ரயில்வே ஸ்டேஷன். ‘ஸ்டட்ஸி’யின் மூலம் லத்தீன் ஸ்டாட்டியோ. ஆனால் நடுவில் கேட்கும் ‘ட்ஸ்’ லத்தீனிலிருந்து நேரே வரவில்லை. போலிஷில் ஸ்டாட்ஸ்யா, ரஷ்யனில் ஸ்டான்ட்ஸியா, ஜெர்மனில் ஷ்டட்ஸியோன் என்கிறார்கள். ஸாமென்ஹோஃபின் காதில் விழுந்து கொண்டிருந்தவை இவைதான். ‘டொம்’ என்றால் வீடு, கட்டிடம். லத்தீனில் டொமுஸ், ரஷ்யனிலும் போலிஷிலும் டோம். கடைசி ‘ஒ’ பெயர்ச்சொல் என்பதற்கான விகுதி. ஆக, நிலையத்துக்குரிய கட்டிடம்.

தனியாக ஸ்டட்ஸீயொ என்றால் வண்டி நிற்கும் இடம். வானொலி நிலையத்துக்கும் அதே சொல்தான். பிளாட்பாரமும் தண்டவாளமும் சேர்ந்தது ஸ்டட்ஸீயொ, டிக்கெட் கவுண்டரும் வெயிட்டிங் ஹாலும் இருக்கிற கட்டிடம் ஸ்டட்ஸி-டோமொ. பேச்சில் இந்தக் கறாரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எழுதும்போது பார்ப்பது நல்லது.

அடுத்து, தண்டவாளம் போகிற வழி. ஃபெர்-வோயொ. ஃபேரொ என்றால் இரும்பு (லத்தீன் ஃபெர்ரும், பிரெஞ்சு ஃபெர்), வோயொ என்றால் பாதை (லத்தீன் வியா, பிரெஞ்சு வுவா). இரண்டும் சேர்ந்தால் இருப்புப்பாதை. ஐரோப்பாவில் ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன், போலிஷ் எல்லாமே ரயில்பாதையை ‘இரும்புவழி’ என்றுதான் அழைத்தன. ஸாமென்ஹோஃப் அந்த அச்சில் தன் வேர்களை வார்த்தார். தமிழும் 19-ஆம் நூற்றாண்டில் அதே அச்சை எடுத்துக்கொண்டது.

வித்தியாசம் புணர்ச்சியில் இருக்கிறது. இரும்பு + பாதை சேரும்போது தமிழில் இரண்டு காரியம் நடக்கிறது: மென்தொடர் ‘இரும்பு’ வன்தொடராகி ‘இருப்பு’ ஆகிறது, பிறகு வல்லினப் ‘ப்’ மிகுகிறது. எஸ்பெராண்டோவில் ஃபெர் ஃபெர்தான், வோய் வோய்தான். வேர் எங்கே போனாலும் உருவம் மாறாது. இதற்குக் காரணம் உண்டு. அந்த முதல் நூலில் ஸாமென்ஹோஃப் வேர்களுக்கும் விகுதிகளுக்கும் நடுவே சிறு குறி போட்டுப் பிரித்துக் காட்டினார். எஸ்பெராண்டோ அறியாத ஒருவருக்கு அப்படிப் பிரித்த கடிதத்தையும் சுமார் 900 வேர்கள் கொண்ட சிறிய அகராதித் தாளையும் அனுப்பினால், அவர் துண்டு துண்டாகத் தேடிப் பொருள் கண்டுபிடித்துவிட வேண்டும். வேர் உருமாறினால் அகராதியில் கிடைக்காது, திட்டமே கவிழ்ந்துவிடும். செய்யுளைப் பதம் பிரித்து அச்சிடும்போது நாம் செய்கிற வேலையை அவர் மொழிக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்.

விதியாகச் சொன்னால் இது அந்த மொழியின் 16 இலக்கண விதிகளில் 11-ஆவது: சொற்களை அப்படியே அடுத்தடுத்து வைத்தால் கூட்டுச்சொல், தலைமைச் சொல் கடைசியில் நிற்கும். ஸாமென்ஹோஃப் அங்கே கொடுத்த உதாரணம் வபொர்-ஷீப்பொ. வபொர் நீராவி, ஷிப் கப்பல். நீராவிக்கப்பல். மதுரையைத் தாண்டி அந்த இருப்புப்பாதை போய்ச் சேருகிற தூத்துக்குடியில், 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனி வாங்கி ஓட்டியவை வபொர்-ஷீப்பொய் (‘ய்’ பன்மை). நீராவியால் ஓடும் கப்பல், இரும்பால் ஆன பாதை இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘பொற்குடம்’ பாடத்தை நினைவு வைத்திருந்தால் போதும்.

ரயிலுக்கு இரண்டு சொற்கள் உண்டு. பழையது வகொன்-ஆர்-ஒ, அதாவது வகொனாரொ: பெட்டிகளின் தொகுதி. இப்போது பெரும்பாலும் ட்ரய்னொ என்கிறார்கள். ‘-ஆர்-’ தொகுதியைக் காட்டும் உறுப்பு. மரம் ஆர்பொ, காடு அர்பாரொ.

வாசலுக்கு வெளியே மேல வெளி வீதியைக் கடந்தால் டவுன் ஹால் ரோடு. டவுன் ஹால் எஸ்பெராண்டோவில் உர்பொ-டோமொ. உர்பொ நகரம் (லத்தீன் உர்ப்ஸ்), டோமொ நாம் இப்போதுதான் பார்த்தது. நடுவில் ஒரு ‘ஒ’ நிற்கிறது பாருங்கள். ஸ்டட்ஸி-டோமொவில் அது இல்லை. காரணம் எளிது: ‘ஸ்டட்ஸி’ என்ற வேர் உயிரில் முடிகிறது, அடுத்த மெய்யோடு ஒட்டிக்கொள்ளும். ‘உர்ப்’ மெய்யில் முடிகிறது. ‘உர்ப்டோமொ’ என்றால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும். அதனால் இடையில் ஒரு ‘ஒ’. மரம் + கிளை, மரத்துக்கிளை ஆகும்போது வருகிற அத்துச் சாரியைக்கு அண்ணன் தம்பி முறை இது. ஒரு வேறுபாடு, நம் சாரியை இடம் பார்த்துக் கட்டாயமாக வரும். இந்த ‘ஒ’ நாக்கின் வசதிக்காக வரும், தேவையில்லாத இடத்தில் போய்விடும். நடுப்பகல் டக்-மேஸொ, ‘ஒ’ வேண்டாம். நள்ளிரவு நொக்டொ-மேஸொ, ‘நொக்ட்மேஸொ’ என்று சொல்லிப் பாருங்கள், காரணம் வாயிலேயே தெரியும். மதுரையின் இரவுக்கடைகளைப் பற்றி எழுத நினைக்கிறவர்களுக்கு அதிகம் பயன்படப் போகிற சொல் நொக்டொ-மேஸொ.

சனி: கடைப் பெயர்ப்பலகைகள், விரல்கள், அங்கயற்கண்ணி

மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி நடக்கும்போது பெயர்ப்பலகைகளை மட்டும் வாசித்துக்கொண்டே போகலாம். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, பூக்கடை, நகைக்கடை, வெற்றிலைக்கடை. கடைசித் துண்டு மாறவே மாறாது.

எஸ்பெராண்டோவின் ஆக்க விகுதிகள் பிறந்தது இப்படி ஒரு நடையில்தான். பள்ளி மாணவனாக இருந்தபோது தெருவில் ஷ்வெய்ட்ஸார்ஸ்கயா (காவலாளி அறை), கொன்டிட்டர்ஸ்கயா (மிட்டாய்க்கடை) என்ற இரண்டு ரஷ்யப் பலகைகளைப் பார்த்ததாக ஸாமென்ஹோஃப் நண்பர் போரோவ்கோவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். இரண்டிலும் ‘-ஸ்கயா’ பொதுவாக இருந்தது. ஒரே விகுதியைக் கொண்டு பல சொற்களை ஆக்கலாம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பது அப்போது அவருக்குப் பட்டது. பெரிய அகராதி பற்றி அதுவரை இருந்த பயம் அங்கே தீர்ந்தது என்கிறார். இந்தக் கடிதம் எழுத்துப் பூர்வமாகக் கிடைத்திருப்பது நம் அதிர்ஷ்டம். ஒரு மொழியின் விகுதி எந்தத் தெருவில் யார் கண்ணில் பட்டது என்று சொல்ல வேறு எந்த மொழிக்கு முடியும்?

அந்த வழியில் வந்த விகுதி ‘-ஏய்-’, இடத்தைக் குறிப்பது. விற்குமிடம் வெண்ட்-ஏய்-ஒ (வெண்டேயொ), கடை. காபிக்கடை கஃப்-ஏய்-ஒ. டிக்கெட் கவுண்டர் பிலெட்-ஏய்-ஒ. இதை நம் ‘கடை’யோடு அப்படியே ஒப்பிட்டால் தவறு வரும். கடையில் விற்பனை நடக்க வேண்டும். ஏய்-க்கு அது வேண்டாம். சமைக்குமிடம் குயிர்-ஏய்-ஒ, சமையலறை. படிக்குமிடம் லெர்ன்-ஏய்-ஒ, பள்ளி. பயணிகளுக்கு மிகவும் உதவும் சொல் நெட்ஸெஸ்-ஏய்-ஒ. நெட்ஸெஸ் என்றால் தேவையான, இன்றியமையாத. இன்றியமையாத இடம், அதாவது கழிப்பறை. கூச்சப்படாமல் கேட்கலாம்.

தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. மோதிரம் போட்டுப் பார்க்கக் கை நீட்டும் இடம், ஆகவே விரல்களுக்கு இதுவே இடம். எஸ்பெராண்டோவின் அன்றாடக் கூட்டுச்சொற்களில் இந்த ஐந்தும் தமிழோடு நிற்பது போல வேறெதுவும் நிற்பதாகத் தெரியவில்லை.

கட்டைவிரல், டிக்-ஃபீங்க்ரொ. டிக் என்பது ஜெர்மன், தடித்த. ஃபிங்கரும் ஜெர்மன்தான், ஆங்கிலத்திலும் உண்டு. ‘டீக்க ஃபீங்க்ரொ’ என்று பெயரடை ‘அ’வோடு பிரித்துச் சொன்னால் தடித்த விரல் எதுவும் ஆகலாம், நடுவிரல்கூட. சேர்த்துச் சொன்னால் கட்டைவிரல் மட்டும். ‘கட்டையான விரல்’, ‘கட்டைவிரல்’ இரண்டுக்கும் நாம் வைக்கிற வேறுபாடு அச்சு அசலாக இதுவே.

சுட்டுவிரல், மொன்ட்ரொ-ஃபீங்க்ரொ. மொன்ட்ர் காட்டு (பிரெஞ்சு மோன்ட்ரே). வினைத்தொகை. இங்கே இடை ‘ஒ’ இல்லாமல் முடியாது, ‘மொன்ட்ர்ஃபி…’ என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவிரல் மெஸ்-ஃபீங்க்ரொ. மோதிரவிரல் ரிங்கொ-ஃபீங்க்ரொ, மோதிரத்தை அணியும் விரல் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் தொக்கது. சுண்டுவிரல் எட்-ஃபீங்க்ரொ. ‘எட்’ சிறுமை காட்டும் விகுதி. எஸ்பெராண்டோவில் விகுதியையே வேராக எடுத்து முன்னால் வைக்கலாம், இது அப்படி. நம் ‘சுண்டு’ம் சிறியது என்று பொருள்படும், சுண்டெலியில் இருப்பது அதே சுண்டு.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. வாசல் பக்கத்துக் கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பு. காலையில் போவது வசதி. அந்தக் கவுண்டரில் கொடுக்கிற பொருளுக்குப் பெயர் பொஷ்-டெலெஃபோனொ. பொஷ் சட்டைப்பை (பிரெஞ்சு போஷ்). நாம் கையை வைத்துக் ‘கைப்பேசி’ என்றோம், அவர்கள் பையை வைத்தார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் இந்தச் சொல்லை ‘பொஷ்ட்’ என்ற இடத்தில் வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் பொஷ்ட் என்றால் தபால். பிறகு மிச்சம் நிற்கும் ‘எலெஃபோனொ’வுக்குப் பொருள் கிடைக்காமல் திணறல். இடமிருந்து வெட்டினால் வரும் கோளாறு இது. விகுதியைக் கழற்றிவிட்டு, வலமிருந்து இடமாக, தெரிந்த வேர்களில் மிக நீளமானதை முதலில் எடுத்தால் டெலெஃபோன் முழுதாகக் கைக்கு வரும்.

இப்போது அம்மன் பெயர். அங்கயற்கண்ணி: அம் + கயல் + கண் + இ. அழகிய கயல் போன்ற கண்ணை உடையவள். ‘கயல்’ ‘கயற்’ ஆனது லகரம் ககரத்தின் முன் றகரமாகத் திரிவதால். இதை எஸ்பெராண்டோவில் ஆக்குவது நல்ல பயிற்சி, பலர் வழுக்கும் இடமும் இது.

மீன் ஃபீஷொ, கண் ஒக்கூலொ. சேர்த்தால் ஃபிஷ்-ஒக்கூலொ. தமிழில் ‘கயல்விழி’ என்றால் விழியையும் குறிக்கும், விழியை உடையவளையும் குறிக்கும், இரண்டாவது அன்மொழித்தொகை. சொல்லுக்கு வெளியே இருக்கிற ஆளைச் சூழல் கொண்டுவந்துவிடும். எஸ்பெராண்டோவில் 11-ஆம் விதி குறுக்கே நிற்கிறது. தலைமைச் சொல் கடைசியில், கடைசியில் இருப்பது கண், ஆகவே ஃபிஷ்-ஒக்கூலொ எப்போதும் ஒரு கண்தான், ஆள் ஆகாது. பெண்பால் விகுதி ‘-ஈன்-’ (ஜெர்மனில் கோனிகின், அரசி, அதில் வருவது) சேர்த்து ‘ஃபிஷ்-ஒக்குல்-ஈன்-ஒ’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். விதிப்படி அதற்குப் பொருள் பெண்பால் மீன்கண். கண்ணுக்கு ஏது பால்? நடுவில் ‘-உல்-’ வேண்டும். இன்ன தன்மை உடைய ஆள் என்று காட்டுவது அது. ஃபிஷ்-ஒக்குல்-உல்-ஈன்-ஒ, சேர்த்துச் சொன்னால் ஃபிஷொக்குலுலீனொ. நம் ‘கண்ணி’யின் ஒற்றை இகரம் சுமக்கிற வேலையை அங்கே உல், ஈன் என்று இருவர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

நீளமாக இருக்கிறது என்றால் பெயரடையாக்கலாம்: ஃபிஷ்-ஒக்கூல டியீனொ, மீன்கண் கொண்ட தேவி. எஸ்பெராண்டோ வாசகர் உலகின் எந்த மூலையிலும் இருப்பார். மீன்கண் என்றதும் சந்தையில் பனிக்கட்டி மேல் கிடக்கும் மீன் அவருக்கு நினைவு வரக்கூடும். கயலின் துள்ளலையும், இமைக்காத பார்வையாலேயே மீன் தன் குஞ்சுகளைக் காக்கும் என்ற நம் மரபையும் ஒரு வரியில் சேர்த்து எழுதுவது அவசியம்.

அம்மையப்பர் உம்மைத்தொகை: அம்மையும் அப்பரும். எஸ்பெராண்டோவில் பெற்றோர் கெ-பாட்ரொய். பாட்ரொ தந்தை, முன்னால் வரும் ‘கெ’ இருபாலாரையும் சேர்த்துக் காட்டும் ஒட்டு, ஜெர்மனில் உடன்பிறந்தோரைச் சொல்லும் கெஷ்விஸ்டரில் இருப்பது. இரண்டு பெயரை அடுத்தடுத்து வைத்து ‘உம்’மை மறைக்கும் நம் வழக்கம் அங்கே மிக அருகல். ‘தாய்தந்தை’யை அப்படியே வேருக்கு வேர் வைத்துக் கூட்டினால் ‘தாயின் தந்தை’ என்று தாத்தாவைப் புரிந்துகொள்வார்கள்.

ஆயிரங்கால் மண்டபம் மில்-கொலோன ஹாலொ. மில் ஆயிரம், கொலோனொ தூண். உண்மையில் தூண்கள் 985. அதை மொழிபெயர்க்கும்போது எண்ணைத் திருத்த வேண்டாம், பெயர் பெயராகவே போகட்டும்.

ஞாயிறு: கீழக்குயில்குடி

தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பிரிந்தால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆலமரங்கள், அய்யனார் கோயில், தாமரைக்குளம். மேலே சமணர் மலை. தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன் ஏறிவிட வேண்டும். பாறையில் வெட்டிய படிகளுக்கு ஷ்டுப்-ஆர்-ஒ. ஷ்டூப்பொ ஒரு படி, ‘ஆர்’ வெள்ளிக்கிழமை ரயில்பெட்டிகளில் பார்த்தது.

பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளத்துத் தமிழ்பிராமிக் கல்வெட்டிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. ஒரே பள்ளி இன்று பள்ளிக்கூடத்தில் படிப்பு, பள்ளியறையில் உறக்கம், பள்ளிவாசலில் தொழுகை. எஸ்பெராண்டோ இவற்றைச் செயலால் பிரிக்கிறது: லெர்னேயொ (படிக்குமிடம்), டொர்மேயொ (உறங்குமிடம்), ப்ரெஜேயொ (வேண்டுமிடம்). மூன்றிலும் ஏய் ஒன்றே, முன்னால் இருக்கிற வினை மாறுகிறது. கவனிக்க வேண்டியது: வழக்கில் ப்ரெஜேயொ என்றால் பெரும்பாலும் தேவாலயம். பள்ளிவாசலுக்கு மொஸ்கேயொ, கோயிலுக்கு டேம்ப்ளொ என்று தனி வேர்ச்சொற்கள் உண்டு. கூறுகளைக் கூட்டிக் கிடைக்கிற பொருளும் வழக்கில் நிலைத்த பொருளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் பள்ளிவாசல் ஒரு வாசல் மட்டும் இல்லையே.

குயில்குடிக்கு வந்துவிட்டுக் குயிலை விட முடியாது. பாடும் பறவை கன்டொ-பீர்டொ. கன்ட் பாடு, பிர்ட் பறவை. தமிழில் பாடுபறவை என்றால் வினைத்தொகை: பாடிய, பாடுகின்ற, பாடும் என்று மூன்று காலமும் கரந்து நிற்கும். எஸ்பெராண்டோ வேரிலும் காலம் கிடையாது. காலம் வெளிப்பட வேண்டும் என்றால் கன்டீன்ட்ட (பாடிய), கன்டான்ட்ட (பாடுகிற), கன்டோன்ட்ட (பாடப்போகிற) என்று மூன்று பெயரெச்சங்கள். நடுவில் இ, அ, ஒ மட்டும் மாறுகிறது. வினைத்தொகையைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைப்பது கடினம்.

வரிசையைத் திருப்பினால் பிர்டொ-கான்டொ: பறவைப்பாட்டு. வேர்கள் அதே, தலைமை மாறிவிட்டது.

திங்கள்: மாட்டுத்தாவணி, அண்ணா நகர்

காலையில் மாட்டுத்தாவணி சென்ட்ரல் மார்க்கெட். மூட்டைகளிலிருந்து கொட்டிக் குவித்த உருளைக்கிழங்கு. டெர்-போமொ: டெர் மண், தரை (லத்தீன் டெர்ரா), போமொ ஆப்பிள் (பிரெஞ்சு போம்). மண் ஆப்பிள். அச்சு பிரெஞ்சிலிருந்து; தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் எர்டாப்ஃபெல் என்பதும் மண் ஆப்பிள்தான். இங்கே 11-ஆம் விதி வடிவில் சரி, பொருளில் இல்லை. கடைசியில் நிற்பது ஆப்பிள், பொருளோ ஆப்பிள் வகையே இல்லை. தமிழ்ப்பெயர் இந்த விஷயத்தில் நேர்மையானது. உருளை வடிவம், கிழங்கு இனம். தலைமைச் சொல் உண்மையைச் சொல்கிறது. எஸ்பெராண்டோ முழுக்க முழுக்கத் தர்க்கத்தால் ஆனது என்று யாராவது சொன்னால் ஒரு கிலோ டெர்-போமொவைக் காட்டலாம். முன்பே ஐரோப்பிய மொழிகளில் பழகிவிட்ட சேர்க்கைகளை ஸாமென்ஹோஃப் தயங்காமல் எடுத்துக்கொண்டார், பழக்கம் கற்பதை எளிதாக்கும் என்பதால்.

ஒரு சொல்லின் மூலத்தைத் தேடுகிறவர்கள் இதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். துண்டுகள் எங்கிருந்து வந்தன? சேர்க்கை எங்கிருந்து வந்தது? முதல் கேள்விக்கு, 1905-இல் வந்த ‘ஃபுண்டமென்ட்டோ’ என்ற எஸ்பெராண்டோ அடிப்படை நூலில் உள்ள வேர் அகராதி உதவும், ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ் என ஐந்து மொழிகளில் பொருள் இருக்கிறது. ஐந்தில் எது வேரின் ஒலிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்தால் முதல் துப்பு கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு அந்த ஐந்து மொழிகளின் சொல்லையும் உடைத்துப் பார்க்க வேண்டும். காலை உணவை எடுத்துக்கொள்ளுங்கள், மட்டென்-மாஞ்ஜொ. இரண்டு துண்டும் பிரெஞ்சு: மத்தேன் காலை, மான்ஜே உண். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் காலை உணவை அப்படிச் சொல்வதில்லை. மதிய உணவு டக்-மாஞ்ஜொவில் முதல் துண்டு ஜெர்மன், இரண்டாவது பிரெஞ்சு. துண்டுகளின் ஊர் வேறு, சேர்க்கையின் ஊர் வேறு.

பழ மண்டியில் வாழைப்பழம், பனானொ. இதை விகுதி தெரிந்த ஒருவர் ஆர்வத்தோடு பன்-அன்-ஒ என்று வெட்டிவிடலாம். பன் குளி, ‘அன்’ உறுப்பினர், ஆக குளிப்போர் சங்க உறுப்பினர்! சர்க்கரை சுக்கேரொவை சுக்-ஏர்-ஒ என்றால் சாற்றுத்துளி. சக ஊழியர் கொலேகொவை கொல்-ஏக்-ஒ என்றால் பெரிய கழுத்து. நன்னூல் இதைப் பொதுமொழி என்கிறது. தாமரை ஒரே சொல்லாக நின்றால் பூ, தா + மரை என்று பிரிந்தால் தாவும் மான். வேங்கை, எட்டு எல்லாம் அந்த வகை. வேர்கள் உருமாறாமல் ஒட்டிக்கொள்ளும் எந்த மொழியிலும் இது நேரும். தப்பிக்க வழி, முழுச்சொல்லாக வேர் அகராதியில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது, இருந்தால் வெட்டக்கூடாது. எதிர்த்திசையில் ஒரு கண்ணி ஃபொரேஸ்டொ. ஆங்கிலம் தெரிந்தவர் காடு என்று நினைப்பார். ஃபொர் அப்பால், எஸ்ட் இரு: அப்பால் இருத்தல், இல்லாமை. இதை வெட்டத்தான் வேண்டும்.

மாட்டுத்தாவணியிலிருந்து அண்ணா நகர் பக்கம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. மருத்துவமனை என்ற சொல்லை முதலில் பிரிக்கலாம்: மல்-சன்-உல்-ஏய்-ஒ, மல்சனுலேயொ. சன் நலம் (லத்தீன் சானுஸ்), மல் எதிர்ப்பொருள், உல் ஆள், ஏய் இடம். நலமின்மை உடையவர் இருக்குமிடம். சனிக்கிழமை பார்த்த உல், ஏய் இரண்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில். ‘மல்’ பற்றி ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சிலும் லத்தீனிலும் அது கெட்டது. எஸ்பெராண்டோவில் எதிர்ப்பதம் மட்டும், கெட்ட வாடையே கிடையாது. யூன என்றால் இளைய, அதற்கு எதிர் என்று முதியவரை மல்-யுன்-ஊல்-ஒ என்கிறார்கள், அதில் அவமதிப்பு இல்லை.

ஸாமென்ஹோஃப் தொழிலால் கண் மருத்துவர். வார்சாவில் ஜிகா தெருவில், ஏழை யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் பல ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்தார். புகைப்படங்களில் அவரும் கண்ணாடி அணிந்திருப்பார். அவருடைய அன்றாடச் சொல்லாக இருந்திருக்க வேண்டியது ஒக்குல்-வீட்ரொய், மூக்குக்கண்ணாடி. ஒக்குல் கண் (லத்தீன் ஒக்குலுஸ்), விட்ர் கண்ணாடிப் பொருள் (லத்தீன் விட்ரும், பிரெஞ்சு வீட்ர்). கண்ணுக்கு உரிய கண்ணாடிகள், நான்காம் வேற்றுமைத் தொகை. கடைசி ‘ய்’ பன்மை, கட்டாயம் வரும், ஏனென்றால் இரண்டு வில்லைகள். ஒருமையில் ஒக்குல்-வீட்ரொ என்றால் ஒற்றை வில்லை என்று கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பொருளுக்கு ஐரோப்பிய மொழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திக்கில் போயின. பிரெஞ்சில் லூனெட், சிறு நிலாக்கள். ஜெர்மனில் ப்ரில்லெ, பழங்காலத்தில் வில்லை செய்யப் பயன்பட்ட பெரில் கல்லின் பெயரிலிருந்து. ரஷ்யனிலும் போலிஷிலும் கண்ணை ஒட்டிய பெயர்கள். ஆகவே இந்தச் சேர்க்கையை ஸாமென்ஹோஃப் பிரெஞ்சிலிருந்தோ ஜெர்மனிலிருந்தோ எடுக்கவில்லை. தமிழில் நாம் அது உட்காருகிற இடத்தைப் பிடித்தோம். மூக்குக்கண்ணாடி. இன்னும் உள்ளே போனால் கண்ணாடியே கண் + ஆடி. ஆடி என்றால் முகம் பார்க்கும் ஆடி. மூக்கு, கண், ஆடி மூன்றும் ஒரே சொல்லில் வரிசையாக நிற்கின்றன.

மூன்று வேர்ச் சொல் அவர்களுக்கும் உண்டு. குளிர்கண்ணாடி சுன்-ஒக்குல்-வீட்ரொய்: வெயிலுக்கான கண்கண்ணாடி. பிரிக்கும்போது முதலில் வீட்ரொய், பிறகு அதை ஒக்குல், பிறகு இரண்டையும் சேர்த்துச் சுன் தழுவுகிறது. சுன்-ஒக்குல் என்று முதலில் சேர்த்தால் ‘சூரியக்கண்’ என்று ஒன்றுமில்லாத பொருள் வரும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இங்கே வரிசையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒக்குல்-வீட்ரொ கண்ணுக்கான கண்ணாடி. விட்ர்-ஒக்கூலொ கண்ணாடிக்கண், இழந்த கண்ணுக்குப் பதிலாக வைப்பது. ஆப்டிகல்ஸ் கவுண்டரும் செயற்கைக் கண் பிரிவும் வேறு வேறு.